கடைசி பஸ்ஸுக்கு முன்னால் ஒரு பல்லவி: செம்பாக்கத்திலிருந்து ஒரு மார்கழி வாரம்

இரவு எட்டே முக்கால். ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு சபா. பாடகர் கல்பனாஸ்வரத்தை ஒரு சுற்று சுற்றி முடித்து, மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைக்கிறார். தனி ஆவர்த்தனம். உடனே அரங்கில் நாற்காலிகள் மடங்கும் சத்தம் ஒரு தாளம் போலக் கேட்கிறது. தனி தொடங்கினால் பாதிப் பேர் கேன்டீனுக்குப் போவார்கள் என்பது சென்னை சபாக்களின் மிகப் பழைய நகைச்சுவை. மிருதங்க வித்வான்கள் மட்டும் அதற்குச் சிரிப்பதில்லை.

ஆனால் எழுந்தவர்களில் சிலர் கேன்டீன் பக்கம் திரும்புவதே இல்லை. சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நேராக வாசலுக்குப் போகிறார்கள். செல்போனில் ஆட்டோவுக்கு எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கிறார்கள். தாம்பரம், குரோம்பேட்டை, மடிப்பாக்கம், செம்பாக்கம் என்று தெற்கே திரும்பிப் போக வேண்டியவர்கள் அவர்கள்.

"அம்மா, மணி ஒன்பதாகப் போகுது. கிளம்பலாமா?"

"ராகம் தானம் பல்லவி இருக்குன்னு சொன்னாங்களேடி."

"வேளச்சேரியில இறங்கினா பஸ் கிடைக்காதும்மா."

டிசம்பர் மாதத்தில் எந்த சபாவின் பின்வரிசையிலும் கேட்கக்கூடிய உரையாடல்தான் இது. அம்மா எழுந்துகொள்கிறார். கதவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்.

பாக்கமும் வாக்கமும்

கிழக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறி வேளச்சேரி சாலையில் வந்தால் ஊர்ப் பெயர்களே ஒரு வரிசையாக வரும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சந்தோஷபுரம், மேடவாக்கம், பள்ளிக்கரணை. பாக்கம், வாக்கம் என்று முடியும் பல ஊர்களைப் போல இதுவும் ஒரு காலத்தில் ஏரியையும் அதன் கீழ் வயலையும் நம்பி இருந்த கிராமம்தான். செம்பாக்கம் ஏரி இன்றும் இருக்கிறது. அதன் உபரி நீர் நன்மங்கலம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. வயல்கள் இருந்த இடத்தில் இப்போது அடுக்ககங்கள். பேரூராகி, நகராட்சியாகி, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது செம்பாக்கம் அதில் சேர்ந்துவிட்டது.

இங்கே குடியிருப்பவர்களில் பலர் வேறெங்கோ இருந்து வந்தவர்கள். சிலர் தஞ்சை, திருநெல்வேலிப் பக்கம். சிலர் சென்னைக்குள்ளிருந்தே வந்தவர்கள். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வாடகை ஏற ஏற, சொந்தமாக இரண்டு அறை வேண்டும் என்று தெற்கே வந்தவர்கள். காதும் நாக்கும் மட்டும் இன்னும் மாட வீதியிலேயே இருக்கின்றன. சபாவுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த குடும்பம், இப்போது இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது.

சபாக்கள் அவர்களோடு இடம் மாறி வரவில்லை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அதற்கு முன்பே 1900இல் தொடங்கிய பார்த்தசாரதி சுவாமி சபா, பின்னால் வந்த வாணி மகால், கிருஷ்ண கான சபா, நாரத கான சபா என்று பெரிய பெயர்களெல்லாம் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் வட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. 2017இல் யுனெஸ்கோ சென்னையை 'படைப்பாக்க இசை நகரம்' என்று அறிவித்தது. அந்த இசை நகரத்தின் எல்லை இரவு ஒன்பது மணிக்கு மேல் சைதாப்பேட்டையோடு முடிந்துவிடுகிறது என்பது தெற்குப் புறநகர்க்காரர்களின் செல்லப் புகார்.

போகும் வழி

செம்பாக்கத்திலிருந்து சபாவுக்கு இரண்டு வழிகள். மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக வேளச்சேரிக்கு பஸ்; அங்கிருந்து பறக்கும் ரயில். 2007இல் வேளச்சேரி வரை நீண்ட இந்த ரயில், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் திருமயிலை நிலையத்தில் இறக்கிவிடும். டிக்கெட் பத்து ரூபாயைத் தாண்டாது. சாதாரணக் கட்டண பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால், அம்மாவும் பெண்ணும் போய்வரும் செலவு, கேன்டீனில் ஆளுக்கு ஒரு காபி குடிக்கும் செலவைவிடக் குறைவு.

இன்னொரு வழி கிழக்குத் தாம்பரம் போய் கடற்கரை ரயிலைப் பிடிப்பது. 1931இலேயே மின்மயமான தடம் இது. மாம்பலத்தில் இறங்கினால் தியாகராய நகர் சபாக்கள். கோட்டை நிலையம் வரை போனால் ராஜா அண்ணாமலை மன்றம். அங்கே 1943இல் தோன்றிய தமிழிசைச் சங்கத்தின் விழா டிசம்பரில் நடக்கும். முழுக்கத் தமிழ்ப் பாடல்களைக் கேட்க வேண்டும் என்றால் இதற்குத்தான் போக வேண்டும். தமிழிசைக்காகப் பேனாவை வாளாகச் சுழற்றியவர்களில் ஒருவர் கல்கி. அவர்தான் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதி எழுதி, வாரப் பத்திரிகை வாசகர்களைக் கச்சேரி விமர்சனம் படிக்க வைத்தவர். டிக்கெட் வாங்க முடியாத வீடுகளிலும் சங்கீத சர்ச்சை நடந்தது அதற்குப் பிறகுதான்.

காரில் போகலாமே என்று கேட்கலாம். மெட்ரோ பணிகளுக்காக லஸ், மந்தைவெளிப் பக்கம் சாலைகள் மாற்றிவிடப்பட்டிருக்கும் இந்த ஆண்டுகளில், அது வர்ணத்தை நிச்சயமாகத் தவறவிடும் வழி. நிறுத்த இடம் தேடினால் முதல் கீர்த்தனையும் போய்விடும்.

போவது எப்போதுமே சுலபம்தான். சிக்கல் திரும்புவதில். பெரிய வித்வான்களின் கச்சேரி மாலை ஆறரை, ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது, ஒன்பதரை வரை போகும். இன்றைய கச்சேரிக்கு உருவம் கொடுத்தவர் என்று சொல்லப்படும் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் முறைப்படி, வர்ணத்தில் சூடு பிடித்து, கீர்த்தனைகளில் வளர்ந்து, பிரதான ராகத்தில் உச்சம் தொட்டு, பல்லவி பாடி, கடைசியில் துக்கடாக்களில் இளகும். பாபநாசம் சிவன் பாட்டு, பாரதியார் பாட்டு, தில்லானா, விருத்தம் எல்லாம் அந்தக் கடைசி அரை மணியில்தான். ராகம் பெயர் தெரியாதவர்களும் கூடவே முணுமுணுக்கக்கூடிய பகுதி அது. செம்பாக்கத்துக்காரர்கள் இரண்டு மணி நேரம் காத்திருந்து, அந்தப் பந்தியில் உட்காராமலேயே எழுந்து வருகிறார்கள். மங்களம் கேட்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்தவர்களுக்கு இது இன்னும் உறுத்தும்.

பன்னிரண்டு மணிக் கச்சேரி

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதைப் பலர் கண்டுகொள்வதில்லை. மாலைக்குப் பதில் பகலில் போவது.

பெரும்பாலான சபாக்களில் நண்பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. அகாடமியில் காலை எட்டு மணி வாக்கில் நடக்கும் சங்கீத விளக்க உரைகளுக்கும் இலவச அனுமதிதான். ஒரு ராகம் எப்படி உருமாறியது, ஒரு தாளத்தின் கணக்கு என்ன என்று வித்வான்களே பாடிக் காட்டிப் பேசுவார்கள். பாதி புரியாது. புரிகிற பாதிக்காகவே போகலாம். பிறகு பன்னிரண்டு மணி வாக்கில் இளைய கலைஞர்கள் மேடையேறுவார்கள். ஒன்றரை இரண்டு மணி நேரக் கச்சேரி. அதற்குள்ளேயே வர்ணமும் இருக்கும், ஆலாபனையும் இருக்கும், பத்து நிமிடத் தனியும் இருக்கும், மங்களமும் இருக்கும்.

இல்லாதது ஒன்றுதான், கூட்டம். இருநூறு, முந்நூறு நாற்காலிகள் போட்ட அரங்கில் சில நாள் முப்பது பேர். மேடையில் பாடகர், வயலின், மிருதங்கம், கடம், தம்புரா என்று ஐந்து பேர். கீழே அவர்களின் அப்பா அம்மாக்களையும் குருவையும் கழித்தால் மிச்சம் எண்ணிவிடலாம். அந்தப் பெண் அல்லது பையன் அந்த ஒரு பகலுக்காக ஆண்டு முழுக்கச் சாதகம் செய்திருப்பார். அடுத்த ஆண்டு மதியம் நாலு மணிக் கச்சேரிக்கு உயர்த்துவார்களா, பகலிலேயே வைப்பார்களா என்பதெல்லாம் மனதுக்குள் ஓடும். அந்த நேரத்தில் மூன்றாவது வரிசையில் ஒருவர் தொடையில் தாளம் போடுவது தெரிந்தால், மேடையில் குரல் தானாக நிமிரும். பார்த்தாலே தெரியும் அந்த மாற்றம்.

தாளம் போடும் அந்த ஆள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர். கையில் சின்ன நோட்டு. பாட்டு, ராகம், தாளம் என்று கோடு போட்டு எழுதிக்கொள்வார். சந்தேகம் வந்தால் பக்கத்து இருக்கையில் கேட்பார். பக்கத்து இருக்கைக்காரர் தப்பாகச் சொல்வார், இரண்டு பேரும் பாட்டு முடிகிற வரைக்கும் குசுகுசுவென்று வாதாடுவார்கள். பகல் கச்சேரியின் சுகங்களில் இதுவும் ஒன்று. மாலையில் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முறைப்பார்கள்.

புறநகர்க்காரருக்கு நேரம் பகலில்தான் இருக்கிறது. பகல் பாடகருக்கு ஆள் வேண்டியிருக்கிறது. காலை பத்து மணிக்கு செம்பாக்கத்தில் பஸ் ஏறினால் போதும்.

இலை போட்டாச்சு

கச்சேரி முடிந்து வெளியே வந்தால் பசி. மார்கழி சபா கேன்டீன் என்பது தனி உலகம். ஆண்டு முழுவதும் கல்யாண சமையல் செய்யும் காண்டிராக்டர்கள் இந்த மூன்று வாரத்துக்கு சபா வளாகத்தில் கொட்டகை போட்டு அடுப்பு மூட்டுவார்கள். 'அறுசுவை' நடராஜன், 'மவுன்ட்பேட்டன்' மணி ஐயர் போன்ற பெயர்களெல்லாம் பாடகர்களுக்குச் சமமாக இங்கே பேசப்பட்டவை. பாட்டு காதில் விழாமல் சாப்பாட்டுக்கு மட்டும் வந்துபோகிறவர்களும் உண்டு. யாரும் தடுப்பதில்லை, டிக்கெட் அரங்கத்துக்குத்தான், கேன்டீனுக்கு இல்லை.

மதியம் வாழையிலையில் முழுச் சாப்பாடு. சாயங்காலம் கீரை வடை, வாழைப்பூ வடை, அடை அவியல், ரவா தோசை, போளி, அசோகா, காசி அல்வா. விலை கொஞ்சம் கையைக் கடிக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. நாலு பேர் குடும்பமாக இலையில் உட்கார்ந்தால் ஒரு நல்ல தொகை போய்விடும். அதனால் வாரத்தில் ஒருநாள் இலைச் சாப்பாடு, மற்ற நாள் ஒரு வடை, ஒரு காபி என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. அவியல் இருக்கிற நாளில் அடையை விடக்கூடாது. காசி அல்வா சூடாக இருந்தால் மட்டும் வாங்கலாம்; ஆறினால் அது வேறு பண்டம்.

கேன்டீன் கூட்டம் பிடிக்காதவர்களுக்கு மயிலாப்பூர் இருக்கவே இருக்கிறது. காலையிலேயே வந்துவிட்டால் அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸில் இட்லி, பொங்கல், கெட்டிச் சட்னி. அங்கே பெஞ்சில் இடம் கிடைப்பது அகாடமியில் இடம் கிடைப்பதைவிடக் கஷ்டம் என்பார்கள். கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ். பொன்னம்பல வாத்தியார் தெருவில், வீட்டு ஜன்னல் வழியாகவே தட்டை நீட்டும் ஜன்னல் கடை. பஜ்ஜியைக் கையில் வாங்கிக்கொண்டு தெருவிலேயே நின்று சாப்பிட வேண்டியதுதான். பக்கத்தில் கோலமாவும் கோலக்குழலும் குவித்திருப்பார்கள். தெற்கு மாட வீதிக் காய்கறிக்காரர்களிடம் மொச்சையும் மாகாளிக் கிழங்கும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால், செம்பாக்கம் திரும்பும்போது பையில் கச்சேரி நோட்டோடு ஊறுகாய்க்கான சாமானும் இருக்கும்.

உள்ளூர் மார்கழி

வாரத்தில் ஒருநாள் எங்கும் போகாமல் இருப்பதும் நல்லது. அதிகாலை ஐந்து மணிக்கு செம்பாக்கம் தெருக்களில் கோயில் ஒலிபெருக்கிகள் திருப்பாவையையும் திருவெம்பாவையையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பாடும். பஜனை கோஷ்டி ஒன்று ஜால்ராவோடு தெருவைச் சுற்றும். பாதிப் பேர் மப்ளரில். அடுக்ககத்துப் பொது வாசலில் எந்த வீட்டுக்காரர் கோலம் போடுவது என்பது மட்டும் இன்னும் தீராத பிரச்சினை. விடிந்ததும் ஏரிக்கரைப் பக்கம் ஒரு நடை போனால் பறவைகளும் நடைப்பயிற்சிக்காரர்களும் சம எண்ணிக்கையில் கண்ணில் படுவார்கள்.

ராஜகீழ்ப்பாக்கம் வழியாகக் கொஞ்ச தூரம் உள்ளே போனால் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில். சோழர் காலத்துக் கற்றளி. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கருவறையின் பின்பக்கம் சதுரமாக இல்லாமல், உட்கார்ந்திருக்கும் யானையின் முதுகு போல வளைந்திருக்கும். 'தூங்கானை மாடம்' என்பது அந்த வடிவத்தின் தமிழ்ப் பெயர். கபில முனிவர் பசுவாகப் பிறந்து லிங்கத்துக்குப் பால் சொரிந்தார் என்பது தலவரலாறு. அருணகிரிநாதர் இந்தத் தலத்து முருகனைப் பாடியிருக்கிறார். தூணில் இருக்கும் சரபேஸ்வரருக்கு ஞாயிறு மாலை ராகு காலத்தில் கூட்டம் சேரும். கூட்டம் வேண்டாம் என்றால் வேறொரு நாள் காலையில் போகலாம். பிராகாரத்தில் அமைதியாக உட்காரலாம், டிக்கெட்டும் இல்லை, கடைசி பஸ் பயமும் இல்லை.

நங்கநல்லூரிலும் குரோம்பேட்டையிலும் பள்ளிக்கூட அரங்கு, கல்யாண மண்டபம், கோயில் மண்டபம் என்று கிடைத்த இடத்தில் கச்சேரிகள் நடக்கின்றன. ஒலிபெருக்கி சில சமயம் தனியாக ஒரு சுருதி பிடிக்கும். ஆனால் ஒன்பதரைக்கு மங்களம் பாடினால், பத்து மணிக்கு வீட்டில் மோர்சாதம் சாப்பிடலாம். உள்ளூரில் இதற்குக் கூட்டம் சேர்ந்தால்தான் அடுத்த ஆண்டும் மேடை போடுவார்கள். செம்பாக்கம் அளவுள்ள ஊருக்கு ஏரியும் கோயிலும் இருப்பது போல ஒரு நிரந்தர அரங்கமும் இருக்கலாம். கல்யாண மண்டபங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. முகூர்த்தமில்லாத மார்கழியில் அவை பெரும்பாலும் சும்மாதான் பூட்டிக்கிடக்கின்றன.

வீட்டில் பிள்ளைகள் 'படம், படம்' என்று நச்சரித்தால் குரோம்பேட்டை வெற்றி தியேட்டர் இருக்கிறது. கையில் செல்போனோடு படுத்திருக்கும் தாத்தாவுக்கு இணைய நேரலை இருக்கிறது. 2020 கொரோனா ஆண்டில் அரங்குகள் மூடியபோது பழக்கமானது. இப்போதும் பல சபாக்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒளிபரப்புகின்றன. அதில் பல்லவியை முழுசாகக் கேட்கலாம். கீரை வடை மட்டும் வராது.

மங்களம்

மறுபடி அந்த அம்மாவும் பெண்ணும். இந்த முறை பகல் கச்சேரி. அரங்கில் இருபது, இருபத்தைந்து பேர் இருந்தால் அதிகம். பாடிய பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. தனி ஆவர்த்தனத்தின்போது அம்மா அசையவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை. கடைசியில் மங்களம் தொடங்கியதும் கையைக் குவித்துக்கொண்டார்.

திரை போட்டதும் அந்தப் பெண் மேடையிலிருந்து இறங்கி, தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நல்லாப் பாடினேம்மா. அந்த ஆலாபனையை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம்."

"நேரம் இல்லைன்னு சொல்லிட்டாங்க மாமி. எங்கேருந்து வர்றீங்க?"

"செம்பாக்கம். தாம்பரத்துக்கு இந்தப் பக்கம், மேடவாக்கத்துக்கு..."

"தெரியும் மாமி, நான் ராஜகீழ்ப்பாக்கம்தான்."

கேன்டீனில் சாப்பாடு தீர்ந்து டிபனுக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தார்கள். மூவரும் ஆளுக்கு ஒரு காபி குடித்தார்கள். மூன்று மணி வாக்கில் திருமயிலை நிலையத்தின் நீளமான படிகளில் பாடகியின் அம்மா தம்புராப் பெட்டியோடு முன்னால் ஏற, மற்றவர்கள் பின்னால். வேளச்சேரி ரயில் காலியாக வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்ததும், செம்பாக்கத்து அம்மா அந்தப் பெண்ணிடம், நேரம் இல்லாமல் விட்டுவிட்ட அந்த மிச்ச ஆலாபனையை இப்போது பாடேன் என்றார். கஸ்தூர்பா நகர் வருவதற்குள் அவள் மெல்லிய குரலில் ஆரம்பித்திருந்தாள்.